முகத்துக்கு முன் தரையைப் பார்

அன்புத் தங்கைக்கு,

உச்சிவெயிலில் ஆளைப் படம் எடுக்காதே, காலையிலும் மாலையிலும் மட்டும் எடு என்று புகைப்படக்கலை நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் பகல் முழுக்கக் கேமராவை உறைக்குள் வைத்திருக்க வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறாய். தேவையில்லை என்பதே என் பதில். நடுப்பகலில் எடுத்த முகம் கெட்டுப்போவதற்கு வெயில் மிகுதி காரணமில்லை. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து மட்டும் விழுகிறது. புருவத்துக்குக் கீழே கண் குழியாகிறது, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது, கழுத்து இருண்டுபோகிறது. கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் போதுமான வெளிச்சம் திரும்பி வந்தால் இந்தக் குழிகள் நிரம்பிவிடும். அந்த வெளிச்சத்தைத் தருவது நிற்கும் இடத்தின் மண், சுவர், கூரை. ஆகவே நம் ஊர் வெயிலில் படம் எடுப்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்கப் பழக வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

முதலில் நம் சூரியனைக் கணக்குப் பார்ப்போம். பெரம்பலூரும் அரியலூரும் வடக்கே ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில் இருக்கின்றன. ஏப்ரல் 19, 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23, 24 வாக்கிலும் ஆண்டுக்கு இருமுறை சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. நட்டுவைத்த கம்புக்கு அப்போது நிழலே விழாது. உன் நிழல் உன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே ஏறிவிட்டது என்று பொருள். மார்ச் மாதத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இந்த நிலை நீடிக்கிறது; டிசம்பரில்கூட நான்கு மணி நேரம். லண்டனில் டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 15 பாகை உயரத்துக்குத்தான் வருகிறது. நமக்கு மார்ச்சில் விடிந்து ஒரு மணி நேரத்தில் வரும் உயரம் அது. நீ படித்த அறிவுரை பெரும்பாலும் அப்படிச் சாய்ந்த வெயில் உள்ள நாடுகளில் பிறந்தது. அங்கே இளவெயில் நெடுநேரம் நிற்கும்; இங்கே அது கண் இமைப்பதற்குள் போய்விடும். வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர்வெயில் விழாது என்ற பழைய ஸ்டூடியோ விதிகூட இங்கே முழுதும் செல்லாது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நூலின் விதியை நம் வானத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்.

இனி மண்ணுக்கு வருவோம். இந்த இரு மாவட்டங்களும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தாலும் தரையின் நிறம் இடத்துக்கு இடம் மாறுகிறது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர்க் கரிசல், தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு உணவாகும் சுண்ணாம்புக்கல் பூமி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் மூடிக் கிடந்து படிந்த கல் அது. வெளுத்த சுண்ணாம்புத் தரையும் கொள்ளிடத்தின் உலர்ந்த மணலும் பத்தில் மூன்று, நான்கு பங்கு வெளிச்சத்தை மேலே அனுப்பும். ஆகவே ஒரே நேரத்தில், ஒரே வெயிலில், ஒரே ஆளைக் கரிசல் காட்டில் நிறுத்தினால் கண் இருண்டிருக்கும். வெளுத்த மண்பாதையில் நிறுத்தினால் கண்ணில் ஒளிப்புள்ளி தெரியும். வயலில் வேலை செய்பவர்கள் தலையில் போட்டுக்கொள்ளும் துண்டும் முக்காடும் இங்கே உனக்குப் பெரிய உதவி. துண்டு மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்கிறது. கீழே வெள்ளை மண் இருந்தால் முகம் முழுவதும் தரையின் மென்மையான வெளிச்சத்தில் மலரும். கரிசலில் அந்த மலர்ச்சி தானாக வராது. ஆளின் முன்னே தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் வரும். தரை தரும் வெளிச்சத்தில் நிறமும் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறக்காதே. செம்மண் முகத்தைச் சிவப்பாக்கும்; பயிரின் நடுவே நின்றால் தாடையில் பச்சை ஏறும்.

தரைக்கு அடுத்து நிழல். நிழலுக்குள் போனால் படம் மங்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நேர்வெயிலின் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். திறந்த வானத்தைப் பார்த்த நிழலில் அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். அந்தப் பத்தாயிரமும் எந்தக் கேமராவுக்கும் தாராளம். நிழலின் நடுவைத் தேடாமல் விளிம்பைத் தேடு. திண்ணையின் ஓரத்தில், நிழல் தொடங்கும் கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, முகம் தெருவைப் பார்க்க ஆளை உட்கார வை. எதிரே வெயில் காயும் தெருவும் வானமும் அவருக்குப் பெரிய விளக்காகின்றன. பின்னால் வீட்டின் இருட்டு அமைதியான பின்புலமாகிறது. ஆளை நிழலில் வைத்துப் பின்னால் வெயில் எரியும் வயலை விட்டுவிட்டால் பின்புலம் வெளுத்து, முகம் கறுக்கும். மரத்தடியிலும் தேர்வு வேண்டும். வேப்பமரத்தின் கிளை இடுக்குகளில் ஒழுகும் வெயில் முகத்தில் வட்ட வட்டமாகப் புள்ளி குத்தும்; அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் உருவமே. அடர்ந்த புளியமரத்தின் நிழல் ஒரே சீராக இருக்கும். கீற்றுப் பந்தலில் ஓட்டை இருக்கிறதா என்று ஆளை உட்கார வைப்பதற்கு முன்பே அண்ணாந்து பார்த்துவிடு.

நிழலே இல்லாத பொட்டலில் என்ன செய்வது? அங்கே துணிதான் கூரை. இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தால், வானத்தில் அரைப் பாகை அகலமே உள்ள சூரியன் வேட்டியளவு அகன்ற விளக்காக மாறிவிடும். நிழலின் கூர்மை கரைந்துவிடும். துணி முகத்துக்கு எவ்வளவு நெருக்கமோ வெளிச்சம் அவ்வளவு மென்மை. ஒரு தெர்மாகோல் அட்டையைப் பக்கவாட்டில் மார்பளவு உயரத்தில் பிடித்தால் மறுகன்னமும் தெளியும். இது ஏழையின் ஒப்பேற்று வேலை என்று எண்ணிவிடாதே. 1956-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காக, காசி வீட்டு முற்றத்தில் இறங்கும் வானவெளிச்சத்தைக் கல்கத்தா ஸ்டூடியோ அரங்குக்குள் உண்டாக்க, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா விளக்கொளியை வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பச் செய்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் பமாகோ நகரம் நம் அட்சரேகைக்கு அருகே, வடக்கே 12, 13 பாகைகளுக்கு இடையில் இருக்கிறது. அங்கே 1948-இல் ஸ்டூடியோ தொடங்கிய செய்டு கெய்ட்டா, தன் முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், பின்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டு ஊராரைப் படம் எடுத்தார். கறுத்த தோலின் பளபளப்பும் ஆடையின் பூவேலையும் ஒருசேரத் தெரியும் அந்தப் படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. நம் சூரியனுக்கு உறவான சூரியனின் கீழ், நம் நிறத்துக்கு உறவான முகங்களை ஒரு துணியும் முற்றமும் கொண்டு எடுக்க முடிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும். மாலை வரை காத்திருந்தால் இத்தனை பாடு எதற்கு என்பது முதல் மறுப்பு. மாலை வெயில் அழகானதுதான், கிடைக்கும்போது விடாதே. ஆனால் சின்ன வெங்காயம் பிடுங்கும் பெண்களும், மக்காச்சோளம் காயவைக்கும் களத்துக்காரரும் தங்கள் வேலையோடு காணக் கிடைப்பது பகலில். மாலையில் அவர்கள் அடுப்படிக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் போய்விடுவார்கள். மாலையில் மட்டும்தான் எடுப்பேன் என்றால், ஓய்வு உள்ளவர்களின் முகங்களே உன் தொகுப்பில் மிஞ்சும். செல்போனே வெளிச்சத்தைச் சமன்செய்துவிடுகிறதே என்பது இரண்டாவது மறுப்பு. செல்போன் இருண்ட பகுதியைத் தூக்கிக் காட்டும், உண்மைதான். ஆனால் நிழல் விழும் திசையை மாற்ற அதனால் ஆகாது. மூக்கின் நிழல் உதட்டிலேயே கிடக்கும், கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறத்தில். பிளாஷ் போடலாமே என்றால், போடலாம். குழிகளை அது நிரப்பும். ஆனால் பல கேமராக்களில் பிளாஷ் ஒத்துப்போகும் வேகம் நொடியில் 200 அல்லது 250-இல் ஒரு பங்கோடு நின்றுவிடுவதால், நடுப்பகலில் லென்ஸின் துளையைக் குறுக்க வேண்டிவரும். பின்புலம் முழுதும் கூர்மையாகி முகத்தோடு போட்டியிடும். கடும்வெயிலுக்கென்றே ஓர் அழகு இல்லையா என்பது மூன்றாவது மறுப்பு. இருக்கிறது. முதியவரின் சுருக்கத்தையும் கல் உடைப்பவரின் கை நரம்பையும் சாய்ந்து விழும் கூர்வெயில் நன்றாகவே காட்டும். அதை நீயாகத் தேர்ந்தெடுத்தால் அது கலை. வேறு வழி தெரியாமல் விட்டுவிட்டால் அது கவனக்குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தோலின் நிறம். கேமராவின் ஒளியளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சட்டையும் வெளுத்த மண்ணும் சட்டகத்தை நிறைத்தால் அது மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். கறுத்த முகம் காணாமல் போகும். செல்போனில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டு. கேமராவில் முகத்தை மட்டும் அளக்கும் முறைக்கு மாற்று. வெள்ளை வேட்டியின் இழை தெரிகிற அளவோடு எக்ஸ்போஷரை நிறுத்திக்கொண்டு, முகத்துக்கு இன்னும் வெளிச்சம் வேண்டுமானால் தரையிலிருந்தும் துணியிலிருந்தும் கொண்டு வா. மென்பொருளில் வெளுக்க வைக்காதே. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய 'ஷர்லி' அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. பழுப்பு நிறங்கள் சரியாக வருவதில்லை என்று மரச்சாமான், சாக்லேட் நிறுவனங்கள் முறையிட்டதும் பிலிமைத் திருத்தியதற்கான காரணங்களில் ஒன்று என்று கனடா ஆய்வாளர் லோர்னா ரோத் 2009-இல் எழுதினார். மனிதத் தோலுக்காக அத்தனை விரைவில் கவலைப்படாத தொழில் அது. அந்தக் குறையை நம் கல்யாண ஆல்பங்களில் நாமே தொடர வேண்டாம். கறுப்பை வெளுப்பாக்குவது ஒரு மனிதரிடம் நீ இப்படி இருந்திருக்கக் கூடாது என்று சொல்வதற்குச் சமம்.

பழகுவதற்கு ஓர் இடம் சொல்கிறேன். ராஜேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோயில் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் வடக்கு வாயிலருகே சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பம் உண்டு. காலை எட்டு மணிக்கும், நண்பகலிலும், மாலை நான்கு மணிக்கும் வெளிச்சுவர்ச் சிற்பங்களின் முன்னே நின்று பார். எந்த நேரத்தில் கண் குழியாகிறது, தரையிலிருந்து ஏறும் வெளிச்சம் தாடையை எப்போது தொடுகிறது என்று குறித்துக்கொள். கல்முகம் கண் கூசாது, களைக்காது. எத்தனை மணி நேரமும் உனக்குப் பாடம் நடத்தும். மனித முகம் அப்படியில்லை. அனுமதி கேட்டு, இடத்தையும் அளவையும் முன்பே முடிவு செய்துகொண்டு, அவரை வெயிலில் காக்க வைக்காமல் ஓரிரு நிமிடத்தில் முடித்துவிடு. சூரியனைப் பார்க்கச் சொல்லி எவர் கண்ணையும் வருத்தாதே.

நாளை நண்பகலில் வீட்டை விட்டு வெளியே வா. உன் கையை முகத்தின் உயரத்துக்குத் தூக்கி, கரிசலின் மேலும் வெளுத்த மண்ணின் மேலும் திண்ணை ஓரத்திலும் பிடித்து, உள்ளங்கையில் விழும் நிழல் எப்படி மாறுகிறது என்று பார். அந்த மாற்றம் கண்ணுக்குப் பிடிபட்ட நாளிலிருந்து, எடுக்கக் கூடாத வேளை என்று நம் ஊர்ப் பகலில் எதுவும் இராது.

அன்புடன்,
அண்ணன்