ஒரே சட்டியில் இரவுச் சாப்பாடு



விடியற்காலை நாலு மணி. லயத்தில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, குசினியில் மட்டும் விளக்கு எரிகிறது. பெரட்டுக்குப் போகுமுன் சோறு பொங்க வேண்டும், குழம்பு வைக்க வேண்டும், பிள்ளைகள் பசியாற ஏதாவது செய்ய வேண்டும். அப்புறம் மரம் சீவவோ, செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கவோ ஓட வேண்டும். திரும்பி வந்தால் துணி, பாத்திரம், பிள்ளைகளின் வீட்டுப்பாடம். இத்தனைக்கும் பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் அடுப்படிக்குப் போகக் கால் வருமா?

"திரும்பவும் யாருங்க சமைக்கிறது? காலையில வச்ச சோறு இருக்கு, அதையே போட்டுடுவேன். இல்லாட்டி பிள்ளைங்களுக்குப் பாக்கெட் மீ." பல வீடுகளில் கேட்கிற பதில் இதுதான். இப்படிச் சொல்லும் தாயைக் குறை சொல்ல முடியாது. அவள் சோம்பேறியல்ல, களைத்துப் போனவள். ஆனாலும் இந்தப் பழக்கத்தால் உடம்புக்கு வரும் கேடுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று கேடுகள்

முதலாவது, காலைச் சோறு. சோறு கொதிக்கும்போது கிருமிகள் செத்துவிடும் என்று நினைக்கிறோம். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. நம் ஊர்ச் சூட்டில் சோறு மணிக்கணக்காக வெளியே கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகிறது. மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவது இதனால்தான். சமைத்த சோற்றையும் கறியையும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. உடனே ஐஸ்பெட்டிக்குப் போக வேண்டும், அல்லது ஆவி பறக்கும் சூட்டிலேயே இருக்க வேண்டும். மோந்து பார்த்து, 'கெடவில்லை' என்று நம்பிவிடாதீர்கள். கெட்டதெல்லாம் நாறுவதில்லை.

இரண்டாவது, உப்பு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு சின்னத் தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பாக்கெட் மீக்களில் அந்த அளவில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் வந்துவிடுகிறது. பெரும்பகுதி அந்தத் தூளில்தான் இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் மனதை வருத்துவது. அது தாயின் தட்டு. புருஷனுக்கு மீன், பிள்ளைகளுக்கு முட்டை, மாமியாருக்குக் காய் என்று எல்லாம் பரிமாறிய பிறகு, அவள் தட்டில் மிஞ்சுவது சோறும் குழம்புத் தண்ணியும். 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு ரத்தச் சோகை. நடந்தால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்கிறாளே, அதை வெறும் களைப்பு என்று விட்டுவிடலாமா?

இனிப்பு நீரையும் மறக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு அது இருந்தது. இந்தியர்களிடையேதான் அதிகம். மலை போல் சோறு, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் காய், உடனே படுக்கை என்பது அதற்கு வழிவிடும் பழக்கம்.

இதற்கு வழி என்ன? அரை மணி நேரத்தில், ஒரே பாத்திரத்தில், சோறும் காயும் மீனும் பருப்பும் சேர்ந்த சாப்பாடு. கழுவவும் ஒரே பாத்திரம்தான். மூன்று வகை சொல்கிறோம். அளவுகள் ஐந்து பேருக்கு.

1. கீரைப் பருப்புச் சோறு

பால் டின்னால் அளந்து ஒன்றரை டின் அரிசி, அரை டின் மைசூர்ப் பருப்பு. மைசூர்ப் பருப்பை ஊற வைக்க வேண்டியதில்லை, சோறு வேகும் நேரத்தில் தானும் வெந்துவிடும். இரண்டையும் கழுவிச் சோற்று குக்கரில் போட்டு 4 டின் தண்ணீர் ஊற்றுங்கள். வெங்காயம், தக்காளி, பூண்டு, கொஞ்சம் மஞ்சள், சீரகம் சேருங்கள். ஒரு கைப்பிடி நெத்திலியைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போக அலசிப் போடுங்கள். வேறு உப்பு கொஞ்சம் போதும்.

தண்ணீர் வற்றும் சமயத்தில் ஒரு பெரிய கட்டுக் கீரையை நறுக்கிப் போட்டுக் கிளறி மூடிவிடுங்கள். வேலியோரத்து முருங்கைக் கீரையானாலும் சரி, சந்தையில் வாங்கிய கீரையானாலும் சரி. இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இது ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு பிடித்துக்கொள்ள இந்தப் புளிப்பு உதவும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்து வீணாகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

2. மேல் தட்டில் மீன்

குக்கரோடு கொடுத்த துளைத் தட்டை அலமாரியில் தூங்க வைத்திருக்கிறீர்களா? எடுங்கள். கீழே சோறு கொதிக்கத் தொடங்கியதும், கழுவிக் கீறிய கெம்போங் மீனில் மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி தடவித் தட்டில் வையுங்கள். சுற்றிலும் பூசணித் துண்டு, பயத்தங்காய். மூடி 15 முதல் 20 நிமிடம். கண் வெள்ளையாகி, சதை முள்ளை விட்டுக் கழன்றால் மீன் வெந்துவிட்டது. எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். அடுப்பருகே நிற்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் நீங்கள் குளித்துவிட்டு வரலாம்.

3. குவாலி மீகூன்

மீகூனில் அரைப் பாக்கெட் எடுத்து, கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். குவாலியில் இரண்டு கரண்டி எண்ணெய், பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாய். 5 முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, சாவிக் கீரையும் தவ்கேயும் நிறையப் போடுங்கள். குவாலியைப் பார்த்தால் மீகூனை விடக் காய்தான் அதிகம் தெரிய வேண்டும். கிச்சாப் ஒரு கரண்டி ஊற்றினால் அதுவே உப்புக்குப் போதும். மாதக் கடைசியில் முட்டைக்குப் பதில் தாவ்ஹூ போடலாம்.

தட்டில் எவ்வளவு?

நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' கணக்கு எளிதானது. தட்டில் கால் பங்கு சோறு அல்லது மீகூன். கால் பங்கு மீன், முட்டை, பருப்பு. பாதி காய்கறியும் பழமும். சட்டியில் உள்ள காய் அதற்குப் போதாவிட்டால், பக்கத்தில் வெள்ளரிக்காயை நறுக்கி வையுங்கள்.

இனிப்பு நீருக்கு ஊசி போடுகிறவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் 'களைப்பா இருக்கு, சாப்பாடு வேணாம்' என்று படுத்துவிடக் கூடாது. சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும், வியர்க்கும், மயக்கம் வரும். முடிந்தவரை ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

மருந்தடிக்கும் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாராகுவாட் 2020 சனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. அதனால் மற்ற மருந்துகள் பால் என்று ஆகிவிடாது. குளித்து, உடை மாற்றிய பிறகே குசினிக்குள் காலடி வையுங்கள். மருந்து வந்த தோம்பில் தண்ணீரோ அரிசியோ ஒருபோதும் வைக்காதீர்கள்.

யார் செய்வது?

இந்த மூன்றையும் படித்துவிட்டு, 'பெண்டாட்டியிடம் கொடுக்கலாம்' என்று தாளை மடிக்கும் தோழரே, கொஞ்சம் பொறுங்கள். காட்டில் செய்யும் வேலைக்கு நேரக் கணக்கு உண்டு. அதற்காகச் சங்கம் பேசுகிறது. குசினி வேலைக்குக் கணக்கு உண்டா? அரிசி கழுவுவதும் கீரை ஆய்வதும் பெரிய வித்தையல்ல. அப்பா மீன் கழுவட்டும், மூத்த பிள்ளை வெங்காயம் உரிக்கட்டும், சின்னது தட்டு எடுத்து வைக்கட்டும். நாலு கை சேர்ந்தால் அரை மணி வேலை கால் மணியாகும்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒன்று. மற்றவர்களுக்குப் போடும்போதே உங்கள் தட்டிலும் போடுங்கள். ஒரே சட்டிச் சாப்பாட்டில் கீரையும் பருப்பும் சோற்றோடு கலந்தே வருகிறது. தனியே எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிட முடியாது. மீனும் முட்டையும் தலைக்கு ஒன்று என்று எண்ணிப் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்று உங்களுடையது. அதை யாருக்கும் எடுத்து வைக்காமல், எல்லாரோடும் உட்கார்ந்து, சூட்டோடு சாப்பிடுங்கள்.