அடிக்கடி வேலை மாறுபவரா? லாரி பிரவுனைப் படியுங்கள்

நிறைய கம்பெனி மாறியவரைக் கண்டால் 'நிலையாக இருக்கமாட்டார்' என்று முத்திரை குத்திவிடுவார்கள். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் லாரி பிரவுனுக்கும் அந்த முத்திரை உண்டு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் மட்டும் ஒன்பது அணிகள். அதற்கு வெளியே யு.சி.எல்.ஏ., கான்சஸ், எஸ்.எம்.யு. என்று மூன்று பல்கலைக்கழகங்கள். ஆனாலும் கல்லூரி அணிகளுக்கான சாம்பியன் பட்டம் (கான்சஸ், 1988), என்.பி.ஏ. சாம்பியன் பட்டம் (டெட்ராய்ட், 2004) இரண்டையும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர்தான். அவரிடம் கற்க வேண்டியதும் இருக்கிறது. தவிர்க்க வேண்டியதும் இருக்கிறது.

1. உங்கள் வேலைமுறை உங்களோடு வரட்டும்

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடம் ஆடிக் கற்ற பாடம்தான் பிரவுனின் மூலதனம்: பந்தைப் பகிர், தடுப்பாட்டத்தில் உழை. ஊர் மாறினாலும் இது மாறவில்லை. 2004 என்.பி.ஏ. இறுதிச்சுற்றில் ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட் இருந்த லேக்கர்ஸ் அணியை, அந்த அளவு நட்சத்திரங்கள் இல்லாத டெட்ராய்ட் 4-1 என்று வீழ்த்தியது. நீங்கள் எப்படி வேலை செய்பவர் என்பதை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால், அடுத்த வேலை தேடும் முன் அதை யோசியுங்கள்.

2. ஆளை மாற்றாதீர்கள், வேலையை மாற்றிக் கொடுங்கள்

பிலடெல்பியாவில் நட்சத்திர வீரர் ஆலன் ஐவர்சனுக்கும் பிரவுனுக்கும் உரசல் ஓயவில்லை. ஆனால் பந்தை நகர்த்தும் பொறுப்பை சக வீரர் எரிக் ஸ்நோவிடம் கொடுத்து, ஐவர்சனைப் புள்ளி குவிக்கும் இடத்துக்கு மாற்றியவரும் பிரவுன்தான். 2001-ல் அணி இறுதிச்சுற்றை எட்டியது. ஐவர்சனுக்கு மிக மதிப்புமிக்க வீரர் விருது, பிரவுனுக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. புது டீமில் முரண்டு பிடிக்கும் திறமைசாலி இருந்தால், அவர் இருக்கும் நாற்காலி சரியா என்று முதலில் பாருங்கள்.

3. கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

ஒன்பது என்.பி.ஏ. அணிகளில் எட்டை பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனவர், நியூயார்க் நிக்ஸில் சறுக்கினார். 2005-06 பருவத்தில் 23 வெற்றி, 59 தோல்வி, ஓராண்டில் வெளியேற்றம். வீரர்களைத் தேர்வு செய்யும் பொறுப்பு நிர்வாகத் தலைவர் ஐசையா தாமஸிடம் இருந்தது. சம்பளம் பேசும்போதே, ஆட்களைத் தேர்வு செய்வது யார், கருத்து மோதினால் இறுதி முடிவு யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள்.

4. ஆட்களை உருவாக்குங்கள்

கான்சஸில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் கிரெக் பாப்போவிச், ஜான் கலிபாரி, பில் செல்ஃப். பின்னாளில் மூவருமே சாம்பியன் பட்டம் வென்ற பயிற்சியாளர்கள். பதவியைவிட நீண்ட நாள் உழைப்பது, இப்படி உருவாக்கியவர்களோடு உள்ள உறவுதான். உங்கள் வேலையை ஜூனியர் ஒருவருக்கு முழுதாகக் கற்றுக்கொடுங்கள். நாளைக்கு உங்களுக்காகப் பேசப்போவது அவராகவே இருக்கலாம்.

5. வெளியேறும் விதத்தில் கவனம்

இங்கே பிரவுன் எச்சரிக்கைப் பாடம். 1983-ல் பருவம் முடிய ஆறு ஆட்டங்களே இருக்கும்போது நியூ ஜெர்சி நெட்ஸை விட்டுக் கான்சஸுக்குப் போனார். 1988-ல் கான்சஸுக்குப் பட்டம் வாங்கித் தந்த கையோடு சான் அன்டோனியோவுக்குக் கிளம்பினார். அதன்பின், அவர் காலத்து விதிமீறலுக்காக விதிக்கப்பட்ட தண்டனையால், அடுத்த ஆண்டு பட்டத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பே கான்சஸுக்கு இல்லாமல் போனது. போனவர் போய்விட்டார், சுமந்தவர்கள் இருந்தவர்கள்.

ஆகவே ராஜினாமாவுக்கு முன் நடந்துகொண்டிருக்கும் பிராஜெக்ட்டை ஒரு கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நிலுவைக் கணக்கு, ஒப்புதல், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்படையுங்கள். நோட்டீஸ் பீரியடை முழுதாக முடியுங்கள். எத்தனை இடம் மாறினீர்கள் என்பதை எண்ணுபவர்கள்கூட, விட்டுப்போன இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள்.