ஓட்டல் பற்று தனி, வீட்டுப் பற்று தனி



கொரோனா காலத்தில் மளிகைக் கடைக்காரர்கள் மட்டும் நன்றாகச் சம்பாதித்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் சிலர் பேசக் கேட்கிறோம். ஊரே பூட்டிக் கிடந்தபோது மளிகை திறந்திருந்தது என்பதுதான் அவர்கள் காட்டும் காரணம். இது பாதி உண்மை. மரக்காணம் போன்ற சாலையோர ஊர்களில் அந்த இரண்டு ஆண்டுகளில் கடையை மூடிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களுக்குச் சரக்கும் இருந்தது, வாசலில் வாடிக்கையும் நின்றது. முதல் மட்டும் ஓட்டல்களில் சிக்கிக் கிடந்தது. இது எப்படி நடந்தது என்பதைப் புதிதாகக் கடை வைத்திருக்கும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

வெளியூர் அன்பர்களுக்காக நமது ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது மரக்காணம். உப்பளமும் கடலும்தான் ஊரின் பிழைப்பு. இங்கே உணவுக் கடைகளில் மூன்று விதம் உண்டு. விடியுமுன் அளத்துக்குப் போகும் தொழிலாளர்களுக்கு இட்லியும் தேநீரும் தரும் சிறு கடைகள் ஒன்று. பஸ் நிலையப் பக்கத்து மெஸ்களும் பரோட்டா கடைகளும் இன்னொன்று. மூன்றாவது, சாலையில் போகும் கார்க்காரர்களை நம்பி மீன் சாப்பாடும் பிரியாணியும் போடும் பெரிய ஓட்டல்கள்.

இட்லிக் கடைக்காரர் அன்றன்றைக்கு அரிசியும் உளுந்தும் வாங்கி, பெரும்பாலும் அன்றே காசு கொடுத்துவிடுவார். பரோட்டா கடை வாரக் கணக்கு. பெரிய ஓட்டலோ ‘பில்லுக்குப் பில்’. அதாவது இன்று இறக்கிய சரக்குக்குப் பணம் அடுத்த சரக்கு இறக்கும்போது வரும். கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் அடுத்த சரக்கு போனால்தான் முந்தைய பணம் வரும் என்பதை நாம் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஓட்டம் நின்றால் கடைசிப் பில் நின்றுவிடும். அந்தக் கடைசிப் பில்தான் நம்முடைய முதல்.

2020 மார்ச் 22, ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. 24 மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவு. 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஓட்டல்களில் பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். தேநீர்க் கடைகளை அடியோடு மூடச் சொன்னார்கள். ஏப்ரல் 5 முதல் மளிகைக் கடை காலை 6 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை மட்டும் என்றானது. மே 5, நமது வணிகர் தினம். அன்றுதான் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள். அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் நமது விழுப்புரம் மாவட்டத்திலும் கடலூரிலும் நோய் பரவியதை யாரும் மறந்திருக்க முடியாது. மே 11 முதல் தேநீர்க் கடைகளில் பார்சல் அனுமதிக்கப்பட்டது. சென்னையும் சுற்றியுள்ள மாவட்டங்களும் நீங்கலாக, ஜூன் 8 முதல் ஓட்டலில் பாதி இருக்கைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற உத்தரவு வந்தது.

உத்தரவு வந்ததே தவிர, கார் வரவில்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். அது செப்டம்பர் முதல் தேதிதான் நீங்கியது. மரக்காணத்திலிருந்து தெற்கே போனால் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி எல்லை, காலாப்பட்டு தாண்டி மறுபடி தமிழகம், கோட்டக்குப்பம் கடந்து மறுபடி புதுச்சேரி. ஒரே சாலையில் இத்தனை எல்லை இருந்தால் யார் சாப்பாட்டுக்காக வண்டி எடுப்பார்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வார இறுதியில் இந்தச் சாலையில் போகும் வண்டிகளில் ஒரு பகுதி புதுச்சேரியின் மலிவு மதுவுக்காகப் போவதுதான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, அதில் விருப்பமும் இல்லை. ஆனால் வியாபாரி என்ற முறையில் எந்தக் காற்றில் நமது ஓட்டல்காரரின் பாய்மரம் ஓடுகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். தமிழகத்தில் டாஸ்மாக் கடைகள் 2020 மே 7 அன்று திறந்து, உயர் நீதிமன்ற உத்தரவால் மூடி, உச்ச நீதிமன்றத் தடையாணைக்குப் பின் மே 16 மீண்டும் திறந்தன. பார்கள் டிசம்பர் 29 வரை திறக்கவில்லை. புதுச்சேரியில் மே 25 அன்று மதுக்கடைகள் திறந்தபோது கொரோனா வரி போட்டு, இரு பக்கமும் விற்கும் சரக்குகளுக்குத் தமிழக விலையையே வைத்தார்கள். விலை வித்தியாசம் போனதும் அதற்காகவே வரும் வண்டியும் குறைந்தது. வறுத்த மீனுக்கும் சிக்கனுக்கும் ஆள் இல்லை. அந்த ஓட்டல்களுக்கு நாம் போடும் எண்ணெயும் மசாலாவும் அப்படியே நின்றன. எங்கோ போட்ட ஒரு வரி, நமது கிடங்கில் டின்னாக நின்றது.

இனி சரக்கு விஷயம். ஊரடங்கில் மக்கள் சாப்பிடாமல் இருக்கவில்லை. சாப்பிடும் இடம்தான் ஓட்டலிலிருந்து வீட்டுக்கு மாறியது. அதற்கேற்பச் சரக்கின் உருவமும் மாறியது. 15 கிலோ பாமாயில் டின் அசையவில்லை. அரை லிட்டர் பாக்கெட்டுக்கு அடிதடி. டின்னை உடைத்துச் சில்லறையாக ஊற்றவும் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. மைதா மூட்டை நின்றது. கோதுமை மாவும் ரவையும் போதவில்லை. கடற்கரை ஈரத்தில் மைதாவை எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்பது உங்களுக்கே தெரியும். சீரகச் சம்பாவும் பாசுமதியும் தூங்க, சாப்பாட்டு அரிசிச் சிப்பம் வந்த வேகத்தில் போனது. மிளகு, சுக்கு, மஞ்சள் கேட்டு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆக, ஓட்டல் சரக்கு நிரம்பிய கிடங்கு வைத்திருந்தவருக்கு இரட்டை அடி: சரக்கும் நின்றது, வசூலும் நின்றது. வீட்டுச் சரக்கு வாங்கலாம் என்றால் கம்பெனி ஏஜெண்டுகள் ரொக்கம் கேட்டார்கள். ரொக்கமோ ஓட்டல்காரரிடம்.

வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று மூன்று மாதத் தவணை விலக்கு அறிவித்து, பின்னர் ஆகஸ்டு 31 வரை நீட்டித்தது. நமது பற்றுக்கு அப்படி யாரும் ஏற்பாடு செய்யவில்லை. 2021 ஜூலை 2 அன்று சில்லறை, மொத்த வணிகர்களையும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பட்டியலில் சேர்த்தது மத்திய அரசு. அதுவும் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும்தான். தாமதமாகப் பணம் தருபவரிடம் வட்டியோடு வசூலிக்கும் உரிமை, உற்பத்தி செய்வோருக்கு இருப்பது போல் நமக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சமயம் என்னிடம் வாங்கிய ஒரு பரோட்டா கடைக்காரர் வந்தார். “முதலாளி, கல்லு காஞ்சாத்தான் உங்க பழைய பாக்கி அடையும். சரக்கை நிறுத்திடாதீங்க” என்றார். நியாயம்தான். புதுச் சரக்குக்கு முழு ரொக்கம், ஒவ்வொரு தடவையும் பழைய பாக்கியில் முடிந்த அளவு கழிப்பது என்று பேசி முடித்தேன். இருநூறு, முந்நூறாகத்தான் கொடுத்தார். 2021 மே 24 முதல் மளிகைக் கடையும் சேர்த்து மூடப்பட்டு, 31 முதல் வண்டியில் வைத்து விற்க மட்டும் அனுமதி கிடைத்த அந்த மோசமான நாட்களில்தான் இடைவெளி விட்டார். மற்றபடி தவறவில்லை, பாக்கி தீர்ந்தது. சாலையோரத்து ஓட்டல் ஒன்றில் வேறு கதை. குத்தகைக்கு எடுத்தவர் இரவோடு இரவாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். சில மாதத்தில் அதே கட்டடத்தில் வேறு பெயரில் போர்டு ஏறியது. புதியவரிடம் போய்ப் பழைய பாக்கி கேட்க முடியுமா? நாம் கடன் கொடுப்பது கட்டடத்துக்கு அல்ல, குத்தகைதாரருக்கு. அவருடைய சொந்த ஊர் விலாசம் கூட நம்மில் பலரிடம் இருக்கவில்லை.

ஆகவே பேரேட்டில் ஓட்டல்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாதமும் மொத்தப் பற்றில் ஓட்டல் எவ்வளவு, வீடும் சில்லறைக் கடையும் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். ஓட்டல் பற்று முழுவதும் ஒரே நாளில் நின்றாலும் கம்பெனிக்கும் மண்டிக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடியுமா என்பதுதான் அளவுகோல். முடியாது என்றால் பில்லுக்குப் பில் என்பதை வாரக் கணக்காகச் சுருக்குங்கள். வியாபாரம் சிறிது குறையும், குறையட்டும்.

அடுத்தது காலவரம்பு. தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொரோனா காரணமாக 15.3.2020 முதல் 28.2.2022 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப் பார்த்தாலும், 2020 மார்ச் 10 தேதியிட்ட பில்லுக்கு 2025 பிப்ரவரியோடு கெடு முடிந்துவிட்டது. அந்தக் கெடுவுக்குள் “இவ்வளவு பாக்கி உண்டு” என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தவர்களுக்கு, 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் 18ஆம் பிரிவின்படி கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று பாக்கிச் சீட்டு எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்கும் வழக்கத்தை விடாதீர்கள். கூசாதீர்கள், நல்ல ஓட்டல்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கெடு தாண்டிய பாக்கிக்கும் ஒரு வழி இருக்கிறது. கடன்பட்டவரே “இந்தத் தொகையைத் தருகிறேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவின்படி அது செல்லும். வெறுமனே பாக்கி உண்டு என்று எழுதினால் போதாது, தருவதாக எழுத வேண்டும். கையெழுத்து உரிமையாளருடையதாகவோ, பங்குதாரருடையதாகவோ இருக்கட்டும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் போட்டால், அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டிவரும்.