பருவமும் பக்குவமும்

பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்யும் சகோதரர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், மகளுக்கு 16 முடியவில்லை. நல்ல இடம் வந்திருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருந்தால் பாவம் என் தலையில்தானே?" என்றார். பள்ளிக்கூடம் நின்றுபோய், கோர்வைச் சேலைக்குக் கரை நாடா வீச அவரோடு தறியில் உட்காருகிறாள் அப்பிள்ளை.

மக்தபில் ஓதிய பெண்தான். பாலிகானால் நிக்காஹ் பர்ளு என்று அவளும் நம் வீட்டாரிடம் கூறினாளாம். குற்றம் நம்முடையது. 'பாலிகு' என்ற சொல்லைக் கற்பித்தோம். விளக்கத்தை வெட்கப்பட்டு விழுங்கிவிட்டோம்.

ஸஹாபிப் பெண்மணிகள் அப்படி வெட்கப்படவில்லை. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் பெண்ணின் கடமையான குளிப்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் நிற்காத உதிரப்போக்கைப் பற்றிக் கேட்க, அது ஹைளு அன்று என்று நபியவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஹனஃபி மத்ஹபில் ஹைளு குறைந்தது 3 நாள், கூடினால் 10 நாள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பகல் ஓரிரவு முதல் 15 நாள் வரை. இக்கணக்கை அறிந்த பெண், எல்லை தாண்டினால் குளித்துத் தொழுவாள்; தாயிடம் சொல்லி டாக்டரிடமும் போவாள். அறியாதவளோ தொழுகையையும் விட்டு, இரத்தம் வற்றிச் சோர்ந்து கிடப்பாள். ஆண்பிள்ளைக்கு இதையெல்லாம் தந்தை சொல்லாவிட்டால் செல்போன் சொல்லிவிடும்; எப்படிச் சொல்லும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

இனி சகோதரரின் கேள்வி. அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அநாதைகளின் சொத்தை ஒப்படைக்கத் திருமணப் பருவம் மட்டும் போதாது, அறிவுப் பக்குவமும் தெரிய வேண்டும் என்கிறது. சொத்துக்கே அப்படியென்றால், ஒரு குடும்பத்தை ஒப்படைக்க? பருவமடைந்த பெண்ணை அவள் சம்மதமின்றி மணமுடிக்க ஹனஃபி மத்ஹபில் தந்தைக்கும் உரிமையில்லை. தந்தை வற்புறுத்திச் செய்த ஓர் நிக்காஹை, கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபியவர்கள் ரத்துச் செய்தார்கள். மேலும் வளர்ச்சி முடியாத உடலில் கர்ப்பம் தரித்தால் இரத்தசோகை, இரத்தக்கொதிப்பு வலிப்பு, எடை குறைந்த குழந்தை என்று ஆபத்து கூடுகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டமும் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்கிறது. மார்க்கம் ஆகுமாக்கிய ஒன்றைத் தக்க காரணத்தோடு தள்ளிவைப்பது பாவமாகாது.

இவ்வளவும் கேட்டபின்தான் அவர் உள்ளதைச் சொன்னார்: "சின்னப் பெண் என்பதால் நகை குறைவாகக் கேட்கிறார்கள்." மஹர் கொடுக்க வேண்டியவர்கள் நகை கேட்கும் கொடுமையைத் தனியே எழுதத்தான் வேண்டும்.

அடுத்த மாதம் மீண்டும் பார்த்தோம். இரண்டு ஆண்டு பொறுக்கச் சொன்னாராம். அவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். மகள் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். கரை நாடா வீச வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.