பீவர் அணையும் நமது ஓடைகளும்

மழை பெய்து ஓய்ந்த சில நாட்களிலேயே ஓடை வறண்டுவிடுவதும், அதன் படுகை ஆண்டுதோறும் ஆழ்ந்துகொண்டே போவதும் மேட்டுநிலக் குடியானவர்கள் நன்கறிந்த சங்கதி. தஞ்சாவூர் ஜில்லாவில் வல்லம், செங்கிப்பட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் இதைக் காணலாம். ஓடை ஆழ்ந்தால் கரையோரக் கிணறுகளில் ஊற்று இறங்கும். அரித்துச் சென்ற மண் கீழேயுள்ள ஏரியைத் தூர்க்கும். இக்கேட்டைச் சிறு செலவில் குறைக்கும் உபாயம் ஒன்றை ஒரு பிராணியிடமிருந்து கற்கலாம்.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பீவர் என்னும் பிராணி, மரங்களைப் பல்லால் கடித்து வீழ்த்தி, கிளை, கல், சேறு இவற்றால் ஓடையின் குறுக்கே அணை கட்டுகிறது. இது நமது காவேரியிலுள்ள நீர்நாய் அன்று. நீர்நாய் மீன் தின்பது, அணை கட்டாதது. பீவர் அணையில் நீர் கசியும். பெருவெள்ளம் மேலே வழிந்தோடும். ஆயினும் நீரின் வேகம் தணிவதால் வண்டல் படிந்து படுகை உயருகிறது. கரைகளில் ஈரம் ஊறுகிறது.

அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்துப் பிரிட்ஜ் கிரீக் ஓடையில், 2009 முதல் முளைகளை வரிசையாக அறைந்து, வில்லோ மரக் கிளைகளைப் பின்னிச் செயற்கை அணைகள் அமைத்தனர். பீவர்கள் அவற்றைப் பற்றி மேலும் கட்டின. நிலத்தடி நீர் உயர்ந்ததோடு மீனும் பெருகியதென்று 2016-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

இப்பிராணியை இங்குக் கொணர வேண்டுவதில்லை; கொணரவும் கூடாது. 1946-இல் அர்ஜென்டினாவின் தென்கோடியில் விடப்பட்ட பீவர்கள் பெருகிக் காடுகளை அழித்தன. நமக்கு வேண்டியது அதன் வேலைமுறையே.

அமைக்கும் முறை

1. சித்திரை முதல் ஆடிக்குள், ஓடை வறண்டிருக்கையில் வேலையைத் தொடங்குக. பொது ஓடையாயின் முன்னதாக அனுமதி பெறுக.

2. மூங்கில் அல்லது சவுக்கு முளைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக அறைக. வெளியே இரண்டடி நின்றால் மண்ணுள் இரண்டடியாவது இறங்க வேண்டும்.

3. நொச்சி மிலாறுகளை முளைகளினூடே தட்டிபோல் பின்னுக. இரு முனைகளும் கரைக்குள் இரண்டடி புதைந்திருக்கட்டும். இல்லையேல் வெள்ளம் பக்கத்தை அரித்துப் புறவழி காணும்.

4. நடுப்பாகம் தாழ்ந்திருக்க வேண்டும். வழியும் நீர் குழி பறிக்காதவாறு கீழ்ப்புறத்தில் தழையும் கல்லும் பரப்புக.

5. கீழணையின் முடி, மேலணையின் அடிமட்டத்திற்குச் சமமாயிருக்கட்டும். நூறடிக்கு இரண்டடி சரிவுள்ள ஓடையில், இரண்டடி அணைகளை நூறடிக்கு ஒன்றாக வைக்கலாம்.

ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் பழுது பார்ப்பது அவசியம். பீவர் ஓயாது செய்வது இதையே. வண்டல் நிரம்பியபின் அதன்மேல் நொச்சிப் போத்தும் வெட்டிவேரும் நட்டால், முளை மக்கினாலும் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

டெல்டாவில் எச்சரிக்கை

காவேரிப் பாசனக் குடிகளுக்கு இத்தகைய வேலை புதிதன்று. ஆற்றில் நீர் குறைந்த காலத்தில் வாய்க்கால் தலைப்பில் நீரேற்றுவதற்குத் தழை, மூங்கில், மண் கொண்டு போடப்படும் கொரம்பு இதற்கு இனமானதே. ஆனால் மேட்டு ஓடைக்கு நன்மையான அணை, பள்ளக்கால் வடிகாலுக்குத் தீமையாகும். டெல்டாவில் சரிவு மிகக் குறைவு. வடிகாலில் ஓரடி நீர் தேங்கினாலும் மேலேயுள்ள பல வயல்களில் சம்பாப் பயிர் மூழ்கும். எனவே வடிகால்களில் அணை கூடவே கூடாது. வாய்க்காலில் போட்ட கொரம்பையும் ஐப்பசி மழைக்கு முன்னரே முற்றிலும் பிரித்துவிட வேண்டும். ஒருவன் வயலுக்கு நீரேற்றிய தழைக்கட்டு, அடுத்தவன் நடவை அழுகச் செய்யலாகாது.

படுகை ஆழ்ந்து அரிக்கும் ஓடையா, வெள்ளம் வடியவேண்டிய கால்வாயா என்பதை முதலில் ஆராய்ந்து தெளிந்த பின்னரே முதல் முளையை அறைய வேண்டும்.