மீளுந் தாக்கமும் சமநிலையும்

கடதாசி எரிந்து சாம்பலாகின்றது. அச்சாம்பல் மீண்டும் கடதாசியாவதில்லை. இத்தகைய மாற்றங்களையே கண்டு பழகிய நாம், இரசாயனத் தாக்கம் யாவும் ஒரு திசையிலேயே செல்லும் என எண்ணிவிடுகின்றோம். உயர் வகுப்பில் இருதிசை அம்புக்குறியைக் காணும் மாணவர் திகைப்பதற்கு இதுவே காரணம். அவ்வம்புக்குறி உணர்த்தும் பொருள் யாதென இங்கு ஆராய்வோம்.

சோடியங் காபனேற்றுக் கரைசலுடன் கல்சியங் குளோரைட்டுக் கரைசலைச் சேர்த்தால், கல்சியங் காபனேற்று வீழ்படிவாகும். கறியுப்பு கரைசலில் எஞ்சும். 1798இல் நெப்போலியனின் படையெடுப்பின்போது எகிப்துக்குச் சென்ற பிரெஞ்சு அறிஞர் பெர்தொலே, அங்குள்ள உப்பேரிகளின் கரையில் இதற்கு நேர்மாறான விளைவைக் கண்டார். உப்பும் சுண்ணாம்புக்கல்லும் நிறைந்த அவ்விடத்தில் சோடியங் காபனேற்றுப் படிந்திருந்தது. உப்பு மிகுந்திருந்தமையால் தாக்கம் பின்னோக்கிச் சென்றது என அவர் முடிவு செய்தார். பொருள்களின் இயல்பு மட்டுமன்றி, அவற்றின் அளவும் தாக்கத்தின் திசையைத் தீர்மானிக்கும் என்பது அவர் கண்ட உண்மை. 1864இல் நோர்வே நாட்டவரான குல்ட்பேர்க்கும் வாகேயும் இக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தனர்.

மூடிய பாத்திரத்தில் தாக்கிகளை மட்டும் இட்டால், தொடக்கத்தில் முன்முகத் தாக்கமே நிகழும். விளைவுகள் பெருகப் பெருகப் பின்முகத் தாக்கம் விரைவுறும். தாக்கிகள் குறையக் குறைய முன்முகத் தாக்கம் தளரும். ஈற்றில் இரண்டின் வீதமும் சமமாகும். இதுவே இயக்கச் சமநிலை.

விழா மண்டபமொன்றில் நிமிடத்துக்குப் பத்துப் பேர் நுழைய, பத்துப் பேர் வெளியேறுகின்றனர் என்க. உள்ளிருப்போர் தொகை மாறாது, ஆட்களோ மாறிக்கொண்டேயிருப்பர். சமநிலையும் இத்தகையதே. தாக்கம் நின்றுவிட்டது எனக் கருதுவது ஒரு தவறு. தாக்கிகளும் விளைவுகளும் சம அளவில் உள்ளன எனக் கருதுவது மற்றொரு தவறு. சமமாவது வீதமேயன்றி அளவன்று. மண்டபத்துள் முந்நூறு பேரும் வெளியே முப்பது பேரும் இருப்பினும் அச்சமநிலை நிலவக்கூடுமன்றோ?

தாக்கம் ஓயாமையினாலேயே சமநிலையை நாம் நகர்த்த முடிகின்றது. சமநிலையிலுள்ள தொகுதியொன்றில் மாற்றம் செய்தால், அம்மாற்றத்தின் விளைவைக் குறைக்கும் திசையில் சமநிலை நகரும் என்பதை 1884இல் லே சற்றலியர் எடுத்துரைத்தார். தாக்கியொன்றைக் கூட்டினால் சமநிலை முன்னோக்கி நகரும். விளைவொன்றைக் கூட்டினால் பின்னோக்கி நகரும்.

இவ்விதி பரீட்சைத் தாளுடன் முடிந்துவிடுவதன்று. நமது குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசன் மிகுந்த நுரையீரலில் அதனைப் பிணைத்துக்கொள்கின்றது. ஒட்சிசன் குறைந்த இழையங்களில் அதனை விடுவிக்கின்றது. இது மீளுந் தாக்கமாக இல்லாவிடின் நாம் உயிர்வாழ இயலாது.

குளிர் நாடுகளில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய ஆபத்தொன்றும் இதனோடு தொடர்புடையது. பழுதான எரிவாயுச் சூடேற்றியும், அறைக்குள் மூட்டும் கரியடுப்பும் காபனோரொட்சைட்டை வெளிவிடும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கின்றது. எனினும் அப்பிணைப்பும் மீளக்கூடியதே. சாதாரண வளியைச் சுவாசிப்பவரின் குருதியில் இந்நச்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் செல்லும். தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமே செல்லும். ஒட்சிசனின் அளவைக் கூட்டிச் சமநிலையைப் பின்னோக்கி நகர்த்துவதே மருத்துவர் செய்யும் சிகிச்சை.

ஆகவே, வீட்டில் பலருக்கு ஒருங்கே தலைவலியும் மயக்கமும் தோன்றினால், உடனே வெளியே திறந்த வெளிக்குச் சென்று மருத்துவ உதவியை அழைத்தல் வேண்டும். எகிப்திய ஏரிக்கரையில் பெர்தொலே கண்ட அதே உண்மையே மருத்துவமனையிலும் உயிர்காக்கின்றது. இருதிசை அம்புக்குறியை இனி வரையும்போது, இதனை நாம் நினைவிற் கொள்வோமாக.