ஒரு கிருமிக்குத் துணையாக இன்னொரு கிருமி



நான் கெமிக்கல் இரண்டாம் ஆண்டு. மருத்துவக் கட்டுரை எழுத இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் தம்பிக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி அவன் உடம்பில் போதுமான அளவு இல்லை. தாய் வழியாக வரும் நோய். என் தாய்மாமன் ஒருவர் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமலே போய்ச் சேர்ந்தவர்.

போன வருஷம் தம்பியின் முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டான். காரணி ஊசி போட வேண்டும். அம்மாவோ, "அந்த ஊசியிலதான் எய்ட்ஸ் வருமாம், வேணாம்டா" என்று பிடிவாதம். யாரோ சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். விசாரிக்க வேண்டியவனும் நானே.

சொன்னது முழுப் பொய் இல்லை என்பதுதான் கஷ்டம். 1970களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து காரணி மருந்து தயாரித்தார்கள். நம்ம பாஷையில் ஒரே பேட்ச். ஒருவர் ரத்தத்தில் கிருமி இருந்தாலும் பேட்ச் முழுக்கக் கெட்டது. 1982 ஜூலையில் மூன்று ஹீமோபிலியா நோயாளிகளுக்கு எய்ட்ஸின் அறிகுறி என்ற செய்தி வெளிவந்தது. கடைசியில் அந்த நாட்டு ஹீமோபிலியாக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஹெச்.ஐ.வி. பிரிட்டனில் சுமார் 1,250 பேர். அதில் குழந்தைகளும் உண்டு.

ஹெச்.ஐ.வி. தனியாக வரவில்லை. அதே புட்டியில் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் வந்தன. அதில் ஹெபடைடிஸ் சி-க்கு 1989 வரை பெயர்கூடக் கிடையாது. ஏறக்குறைய ஒரே காலத்தில் தொற்றியவர்களில் சிலர் சில வருஷத்தில் எய்ட்ஸ் நிலைக்குப் போனார்கள், சிலர் பல வருஷம் தாங்கினார்கள். ஏன்? கூட இருக்கும் கிருமி காரணமா?

முதலில் சந்தேகப்பட்டது சைட்டோமெகலோ வைரஸை. உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர் உடம்பில் சத்தமில்லாமல் கிடப்பது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஹீமோபிலியா நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1989இல் வெளியிட்டார்கள்: இந்த வைரஸும் சேர்ந்திருந்தவர்களுக்கு எய்ட்ஸ் சீக்கிரம் வந்தது. ஆனால் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில், வயதைக் கணக்கில் எடுத்தபின் அந்த வித்தியாசம் தெரியவில்லை. வயது ஏற ஏற இந்த வைரஸ் தொற்றியிருக்கும் வாய்ப்பும் கூடும், வயதானவர்களுக்கு ஹெச்.ஐ.வி.யும் வேகமாக முற்றும். எது எதை இழுத்தது என்று பிரிப்பது சுலபமில்லை. லேபில் இரண்டு வால்வை ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ரீடிங் எடுத்த அனுபவம் நமக்கும் உண்டே!

ஹெபடைடிஸ் சி கதை திருப்பிப்போட்டது. அங்கே ஹெச்.ஐ.வி.தான் மற்றதைத் தூண்டிவிடுகிறது. எதிர்ப்புச் செல்கள் குறையக் குறைய ஈரல் வேகமாகச் சுருங்கும். 1996க்குப் பிறகு கூட்டு மருந்து வந்து எய்ட்ஸ் சாவு குறைந்தபோது, ஈரல் சாவு முன்னே வந்து நின்றது. 2013க்குப் பின் வந்த மாத்திரைகள் இந்தக் கிருமியைப் பெரும்பாலோரிடம் சில மாதத்தில் ஒழித்துவிடுகின்றன. அதுவரை தாக்குப்பிடிக்க முடியாமல் போனவர்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

என்னை ஆச்சரியப்படுத்தியது ஜிபி வைரஸ் சி. இதுவும் ரத்தம் வழியாகத் தொற்றுவதுதான், ஆனால் நோய் எதுவும் தருவதாகத் தெரியவில்லை. ஜப்பானிய ஹீமோபிலியா நோயாளிகளிடம் 1998இல் பார்த்தபோது, இது இருந்தவர்களுக்கு ஹெச்.ஐ.வி. அளவு குறைவு. 2001இல் வந்த ஆய்வுகளிலும் இது இருந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள். ஹெச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையும் கதவுகளில் ஒன்றை இது குறைத்துவிடுகிறது என்கிறார்கள். கெட்ட பேட்சில் இப்படியும் ஒரு விருந்தாளி!

இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரே விஷயம். 1984-85இல் மருந்தைச் சூடுபடுத்தும் முறை பரவலானது. 1985இல் ரத்தப் பரிசோதனை வந்தது. அப்புறம் கரைப்பானும் டிடர்ஜென்டும் சேர்த்துக் கிருமியைக் கொல்லும் முறை. இன்றைக்கு மனித ரத்தமே இல்லாமல், வெள்ளெலியின் செல்லில் வளர்த்து எடுக்கும் காரணியும் உண்டு.

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கிருமிக்கு மேல கொழுப்புத் தோல் இருக்கும்மா. சோப்பு பட்டா நீ தேய்க்கிற எண்ணெய்ச் சட்டி மாதிரி விட்டுப்போயிடும்" என்றேன்.

கையிலிருந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "முதல் பஸ் எத்தனை மணிக்குடா?" என்றார்.